அடித்த சொற்களில் பிறந்த ஓவியர்

வங்கம் தந்த மகாகவி இரவீந்திரநாத் தாகூர் அவர்களைக் கவிஞராக அறிந்தோர் பலர். 1913ஆம் ஆண்டில் இலக்கியத்திற்கான நோபல் பரிசினைப் பெற்ற முதல் ஆசியராக அவரைப் பாடநூல்கள் நமக்கு அறிமுகம் செய்கின்றன. சாந்திநிகேதனத்தைக் கண்ட கல்வியாளர் என்றும், நாட்டுப்பண்ணை யாத்தவர் என்றும் நாம் அவரைப் போற்றுகிறோம். ஆயின், அறுபது வயதைக் கடந்த பின்னர், தம் கையெழுத்துப் படியில் தாமே அடித்துத் தள்ளிய சொற்களிலிருந்து அவர் ஓர் ஓவியராகப் பிறந்தார் என்னும் செய்தி நம் வகுப்பறைகளில் மிகுதியும் பேசப்படுவதில்லை. அதனைப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிறுக்கல் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கிறுக்கு என்றால் பித்து. கிறுக்குதல் என்றால் பொருளின்றிக் கோடிழுத்தல். இரண்டையும் ஒரே வேரில் வைத்துத் தமிழ் மொழியே அக்கோட்டின்மேல் ஒரு பழியைச் சுமத்திவிட்டது போலும்! நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பூவும் கண்ணும் படகும் வரையும் மாணவரை ஆசிரியர் கடிந்துகொள்வதும், தொலைபேசியில் பேசிக்கொண்டே கட்டணச் சீட்டின் ஓரத்தில் வட்டம் வட்டமாகச் சுழிப்பவரை வீட்டார் எள்ளுவதும் நாம் காண்பனவே. அத்தகைய கோடுகளை வெட்கமின்றி வளர்த்தெடுத்த ஒரு முதியவரின் கதை இது.

தாகூர் 1861 மே 7ஆம் நாள் கல்கத்தாவின் ஜோராசாங்கோ இல்லத்தில், தேவேந்திரநாத் தாகூரின் மகனாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. வீட்டிலேயே மொழியும் இசையும் கற்றார். அக்குடும்பத்தில் ஓவியத்திற்குப் பஞ்சமில்லை. தமையன் ஜோதிரிந்திரநாத் முகங்களை வரைவதில் வல்லவர். அண்ணன் மகன் முறையினரான ககனேந்திரநாத், அவனீந்திரநாத் இருவரும் இந்திய நவீன ஓவியத்தின் முன்னோடிகள். அவனீந்திரநாத்தின் மாணாக்கரான தேவிபிரசாத் ராய் சௌத்ரிதான் பின்னர்ச் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக அமர்ந்தவர். மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை வடித்தவரும் அவரே. ஆலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த நம் வடசென்னை மக்களுக்கு அச்சிலை அயலானதன்று.

இத்தகைய ஓவியர்கள் சூழ வாழ்ந்தும், தாகூருக்குத் தூரிகை கைவரவில்லை. முயலாமல் இருந்தார் என்றும் சொல்வதற்கில்லை. 1900ஆம் ஆண்டளவில் அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போசுக்கு எழுதிய மடலொன்றில், தாம் படம் வரைய முற்பட்டிருப்பதையும், பென்சிலைவிட அழிப்பானே அதிகம் தேய்வதையும் நகைச்சுவையோடு தெரிவித்தார். முறையாக வரைய முனைந்தபோதெல்லாம் தோற்றவருக்கு, வரைவதாக எண்ணாமல் செய்த செயலே பின்னாளில் வழிதிறந்தது.

அச்செயல் யாது? கவிதை எழுதும்போது பிடிக்காத சொல்லை எல்லோரும் ஒரு கோடிட்டு அடிப்பர். தாகூரின் கையெழுத்தோ வங்க மக்கள் இன்றும் பார்த்துப் பழகும் அளவுக்கு அழகு வாய்ந்தது. அந்த அழகான பக்கத்தில் ஆங்காங்கே அடித்தல்கள் அநாதைகளைப் போலக் கிடப்பதை அவர் மனம் பொறுக்கவில்லை. ஓர் அடித்தலை மற்றோர் அடித்தலோடு வளைகோட்டால் இணைத்தார். இடையிலுள்ள வெளியை மையால் நிரப்பினார். இரண்டு அடித்தல்கள் சேர்ந்து ஒரு பறவையின் கழுத்தாயின. மூன்று சேர்ந்து பெயர் தெரியாத விலங்கொன்றின் முதுகாயின. பலமுறை திருத்தியெழுதப்பட்ட ‘ரக்தகரபி’ நாடகத்தின் படிகளிலும், அதன்பின் வந்த ‘பூரபி’ கவிதைத் தொகுதியின் படியிலும் இத்தகைய உருவங்கள் மண்டிக்கிடக்கின்றன. தாளின் நடுவே எஞ்சிநிற்கும் கவிதை வரிகள், கரிய காட்டினூடே தெரியும் ஒற்றையடிப் பாதைகளைப் போலக் காட்சி தரும்.

எழுத்தே சித்திரமாவது நாம் அறியாததன்று. அரபு எழுத்தணிக் கலைஞர்கள் எழுத்துகளை வளைத்துப் படகாகவும் பறவையாகவும் அமைத்திருக்கின்றனர். ஆனால், அங்கே எழுத்து பொருளோடு வாழ்கிறது; கலைஞர் முன்கூட்டியே வடிவத்தைத் திட்டமிடுகிறார். தாகூரிடத்திலோ எழுத்து முதலில் சாக வேண்டும். அதன்பின்னரே உருவம் எழும். என்ன உருவம் வரப்போகிறது என்பதும் வரைபவருக்கே தெரியாது. கிறுக்கலின் இயல்பு இதுவே.

1924இல் பெரு நாட்டின் விடுதலை நூற்றாண்டு விழாவிற்கு அழைக்கப்பட்டுக் கடற்பயணம் மேற்கொண்ட தாகூர், வழியில் நோயுற்று, நவம்பரில் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் தங்கிவிட நேர்ந்தது. அவரது ‘கீதாஞ்சலி’யைப் படித்து உருகியிருந்த விக்டோரியா ஓகாம்போ என்னும் எழுத்தாளர், சான் இசித்ரோவில் ஆற்றங்கரை இல்லமொன்றில் அவரை ஏறத்தாழ இரண்டு திங்கள் தங்கவைத்துப் பேணினார். மேசைமேல் கிடந்த கையெழுத்துப் படியில் வங்கமொழி அவ்வம்மையாருக்கு விளங்கவில்லை, விளங்காமையே நன்மையாயிற்று. சொற்களைப் படிக்க முடியாதவர் கண்ணில் கோடுகள் மட்டுமே பட்டன. அக்கோடுகளில் ஓர் ஓவியர் ஒளிந்திருப்பதை அவர் கண்டுகொண்டார். மறு ஆண்டு வெளிவந்த ‘பூரபி’, விஜயா என்று தாகூர் அழைத்த அவ்வம்மையாருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. தாகூருக்கு வங்கத்து அல்பனாக் கோலங்கள் புதியனவல்ல. அவனீந்திரநாத் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தவர். சாந்திநிகேதன விழாக்களில் அவை தரையை அணிசெய்தன. திருவொற்றியூரின் தேரடித் தெருக்களில் விடியலில் மாக்கோலமிடும் தாய்மார்களைக் கவனித்தோர்க்கு ஓர் உண்மை புலப்படும். புள்ளிகளை இழை சுற்றிவரும்போது கை தயங்குவதில்லை. கோடு எங்கேனும் தவறினால் அதையே ஒரு வளைவாக்கி மேற்செல்கின்றனர். அவர்களுள் எவரும் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்வதில்லை. தவறிய கோட்டைத் துடைக்காமல் துணைக்கு அழைத்துக்கொள்ளும் அந்தத் துணிவைத்தான் தாகூர் தாளில் காட்டினார்.

நேர்மாறான மற்றொரு மேதையையும் நம் பகுதி அறியும். 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்த கணிதமேதை இராமானுஜன், தாள் வாங்கப் பொருளின்றிப் பலகையில் கணக்கிட்டு, முழங்கையாலேயே அழித்துவிடும் பழக்கமுடையவர். முடிவுகள் குறிப்பேடுகளில் நின்றன. அவற்றை அடைந்த வழிகள் முழங்கையோடு போயின. செல்வக்குடியில் பிறந்த கவிஞருக்கோ அடித்தலும் எஞ்சியது. தாளின் விலைக்கும் கலையின் வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு போலும்.

1928 முதல் தாகூர் கையெழுத்துப் படியை விட்டுத் தனித்தாளில் வரையத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 67. வண்ண மைகளும், பேனாவின் முனையும், கந்தல் துணியும், விரல்களுமே அவருடைய கருவிகள். நீள்முகப் பெண்கள், கூரலகுப் பறவைகள், எவ்விலங்கியல் நூலிலும் இல்லாத விலங்குகள், அந்திவானத்தின்முன் கறுத்து நிற்கும் மரங்கள் எனப் படங்கள் பெருகின. தம் வாழ்வின் இறுதிப் பதின்மூன்று ஆண்டுகளில் 2,000க்கும் மேற்பட்ட படங்களை அவர் வரைந்தார். பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பிடவும் மறுத்துவிட்டார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் அவர் கண்ணுக்குக் குறையிருந்தது என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். அவருடைய வண்ணச் சேர்க்கையின் விந்தைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

கவிஞராக உலகப் புகழ் பெற்றவர், பயிலாத ஒரு துறையில் முதுமையில் புகுவது எளிதான செயலன்று. இருந்த புகழையே இழக்க நேரலாம். அந்த அச்சம் தாகூருக்கும் இருந்தது. ஆகவே தம் படங்களை முதலில் தாயகத்தில் காட்டத் துணியாமல் ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றார். 1930 மே மாதம் பாரிசின் பிகால் கலைக்கூடத்தில், ஓகாம்போ அம்மையாரின் பெருமுயற்சியால், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. தொடர்ந்து இலண்டன், பெர்லின், கோபன்ஹேகன், ஜெனீவா, மாஸ்கோ, நியூயார்க் முதலிய நகரங்களும் அவற்றைக் கண்டன. கல்கத்தாவிலோ, அவரது எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டி 1931 டிசம்பரில் நகர மண்டபத்தில் காட்டப்பட்டபோது, கவிதையின் இனிமையை எதிர்பார்த்து வந்தோர் அக்கரிய உருவங்களின்முன் திகைத்து நின்றனர். பாடல்களில் அழகையே தேடியவர் படங்களில் அழகின்மைக்கு அஞ்சாததை அவர்களால் எளிதில் ஏற்க இயலவில்லை. நம்மைக் கேட்டால், அவர்களைக் குறைகூறவும் மனம் வரவில்லை. அப்படங்களுட் சில இன்றும் நம்மை அச்சுறுத்தவே செய்கின்றன.

பெர்லின் தேசியக் கலைக்கூடத்துக்குத் தாகூர் வழங்கிய ஐந்து படங்களுக்கு நேர்ந்தது வேறு. 1937இல் நாஜி அரசு, தனக்கு ஒவ்வாத நவீனக் கலையை இழிகலை என்று முத்திரை குத்தி அருங்காட்சியகங்களிலிருந்து அகற்றியபோது, அப்படங்களும் அகற்றப்பட்டன. கிறுக்கலுக்கு அஞ்சுவது ஆசிரியர் மட்டுமல்லர்!

அறிவியலும் பிற்காலத்தில் இப்பக்கம் திரும்பிற்று. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட், சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தியொன்றை 40 பேரைக் கேட்கச் செய்து, அவர்களுள் பாதிப்பேரைக் கேட்டுக்கொண்டே வடிவங்களை நிரப்பித் தீட்டச் சொன்னார். அவ்வாறு தீட்டியோர் மற்றவரினும் 29 விழுக்காடு மிகுதியாகச் செய்தியை நினைவிற்கொண்டனர் என்று 2009இல் அறிவித்தார். கைக்கு ஒரு சிறுவேலை கொடுத்தால் மனம் பகற்கனவில் அலையாது என்பது அவர் தந்த விளக்கம். ஒரு சிறு சோதனையைக் கொண்டு பெரிய முடிவுக்கு வருதல் தகாதெனினும், வகுப்பில் தலைகுனிந்து கோடிழுப்பவன் கேட்கவில்லை என்று முடிவுகட்டும்முன் ஆசிரியப் பெருமக்கள் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1937 செப்டம்பரில் தாகூர் கடுநோயால் நினைவிழந்து கிடந்தார். நினைவு மீண்டதும் தூரிகையும் வண்ணமும் கேட்டு, ஒரு மரப்பலகையின்மேல் இயற்கைக் காட்சியொன்றைத் தீட்டினார். அதே ஆண்டில் ‘காப்சாடா’, ‘ஸே’ ஆகிய வேடிக்கை நூல்கள் அவருடைய படங்களுடனேயே வெளிவந்தன. 1940இல் ‘சித்திரலிபி’ என்னும் படத்தொகுதி, ஒவ்வொரு படத்திற்கும் ஒரு குறுங்கவிதையோடு அச்சேறியது. சொல்லை அடித்துப் படம் கண்டவர், இப்போது படத்திற்குச் சொல் தேடினார். மறு ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், பிறந்த அதே ஜோராசாங்கோ இல்லத்தில் அவர் மறைந்தார்.

அவருடைய படங்கள் பின்னர் நாட்டின் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டு, இந்தியாவிலிருந்து வெளியே விற்கலாகாது என்னும் சட்டக் காப்பினைப் பெற்றன. முன்னரே அயல்நாடு சென்றிருந்த பன்னிரண்டு படங்கள் 2010 சூனில் இலண்டனில் ஏலத்திற்கு வந்தபோது, ஏறத்தாழ 16 இலட்சம் பவுனுக்கு விலைபோயின. ‘பூரபி’யின் கையெழுத்துப் படி சாந்திநிகேதனத்தின் இரவீந்திர பவனத்தில் இருக்கிறது. அடித்த சொற்கள் அங்கே பறவைகளாகவும் பாம்புகளாகவும் மையுலர்ந்து கிடக்கின்றன.