விழித்தெழும் கிருமியை மடக்கிய பெண்மணி

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஒரு பல் வைத்தியர் இருந்தார். 1918-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி அவருக்கு ஒரு பெண் பிறந்தாள். அந்தப் பெண்தான் கெர்ட்ரூட் எலியான்.

கெர்ட்ரூடுக்கு 15 வயது ஆனபோது, அவர் உயிராக நேசித்த தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் துடிதுடித்து இறந்தார். நோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று பேத்தி அன்றே முடிவு செய்தார்.

தந்தையின் பணமோ 1929-ல் பங்குச் சந்தை சரிந்தபோது போய்விட்டது. நல்லவேளையாக, பெண்களுக்குச் சம்பளம் வாங்காத ஹன்டர் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1937-ல் ரசாயனப் பட்டம் பெற்றார்.

ஊறுகாய்ச் சோதனை

பட்டம் இருந்தும், பெண் என்பதால் ஆராய்ச்சிக் கூடங்களில் வேலை கிடைக்கவில்லை. உணவுக் கம்பெனி ஒன்றில் ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலைகூடப் பார்த்தார்.

1941-ல் இன்னொரு இடி விழுந்தது. அவரை மணக்க இருந்த இளைஞர், இருதயத்தைக் கிருமி தாக்கி இறந்தார். பென்சிலின் அப்போது கடைகளுக்கு வரவில்லை. எலியான் கடைசி வரை மணம் செய்துகொள்ளவில்லை.

1944-ல் பரோஸ் வெல்கம் என்ற மருந்துக் கம்பெனியில் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் என்ற விஞ்ஞானியிடம் வேலைக்குச் சேர்ந்தார். டாக்டர் பட்டத்துக்காக இரவில் படித்தார். வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் படிக்க வேண்டும் என்றது கல்லூரி. எலியான் பட்டத்தை விட்டார், வேலையை விடவில்லை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அவர்கள் செய்த மருந்து 1953-ல் வெளிவந்தது.

தூங்கும் பகைவன்

பிறகு அவர் கவனம் ஹெர்பிஸ் வைரஸ் மீது திரும்பியது. உதட்டில் கொப்புளம் கிளப்புவது அதில் ஒரு வகை. சின்னம்மையும் அக்கியும் அதன் உறவுக் கிருமியின் வேலை.

உதட்டுக் கொப்புளம் ஆறியதும் கிருமி செத்துவிடுவதில்லை. நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனிடம் சுமார் 80 ஜீன்கள் உண்டு. ஜீன் என்பது, எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளை. தூங்கும்போது ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளும் மூடிக் கிடக்கும். காய்ச்சலோ கடும் வெயிலோ தாக்கினால் கிருமி விழிக்கும்.

அப்போதும் எல்லாக் கட்டளைகளும் ஒரே சமயத்தில் திறப்பதில்லை. முதல் வரிசை மேஸ்திரி மாதிரி. மற்ற வரிசைகளைத் திறந்துவிடும். இரண்டாம் வரிசை, கிருமி தன்னைப் போலப் பிரதி எடுக்கக் கருவிகள் செய்யும். மூன்றாம் வரிசை, புதிய கிருமிகளுக்கு மேலோடு கட்டும்.

மருந்தின் சூட்சுமம்

1978-ல் எலியானும் ஹோவர்ட் ஷேஃபரும் மற்றத் தோழர்களும் அசைக்ளோவிர் என்ற மருந்தை உலகுக்கு அறிவித்தார்கள். நல்ல செல்லுக்குள் இந்த மருந்து பெரும்பாலும் சும்மா கிடக்கும். கிருமியின் இரண்டாம் வரிசையில் உண்டாகும் ஒரு கருவி பட்டதும் மருந்து உயிர் பெறும். உடனே கிருமியின் பிரதிச் சங்கிலியில் புகுந்து, அதை மேலே வளரவிடாமல் நிறுத்தும். ஆக, கிருமி செய்த கருவியே கிருமிக்கு எமன்!

வைரஸைக் கொல்லும் மருந்து மனிதனையும் கெடுக்கும் என்ற பயம் இதனால் நீங்கியது. இந்த வைரஸ் மூளையைத் தாக்கினால், சிகிச்சை இல்லாதபோது 100-க்குச் சுமார் 70 பேர் இறப்பார்கள். அவர்களில் பலரை இந்த மருந்து காப்பாற்றியது.

ஆனால் தூங்கும் கிருமி கருவி எதுவும் செய்வதில்லை. அதனால் மருந்து அதைத் தொட முடியாது. அதை அடியோடு ஒழிக்கும் வழியை விஞ்ஞானிகள் இன்றும் தேடுகிறார்கள்.

1988-ல் ஹிச்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் எலியானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. படித்து வாங்க முடியாத டாக்டர் பட்டத்தைப் பல சர்வகலாசாலைகள் கௌரவமாக வழங்கின. 1999 பிப்ரவரி 21-ந் தேதி, 81-வது வயதில் அவர் காலமானார். தாத்தாவின் மரணப் படுக்கையருகே எடுத்த முடிவை, ஊறுகாய் சோதித்த காலத்திலும் அவர் கைவிடவில்லை.