பைக்காரா கரண்டுக்குப் பின்னால் ஒரு வக்கீல்: யார் இந்த சர் சி.பி.?

மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுத்து, டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜை ஏற்றி, தூரத்து ஊரில் இறக்கிக் கொடுப்பது. ஐயம்பேட்டை பட்டுத்தறி வீடுகளுக்கு இன்னைக்கு இது சாதாரணம். 1920-களில் அப்படியில்லை.

அதற்காக அரசுக்குள் மல்லுக்கட்டியவர் சி.பி.ராமசாமி ஐயர். 1879-ல் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே வந்தவாசியில் பிறந்தவர். 1923 முதல் 1928 வரை சென்னை மாகாண சட்ட உறுப்பினர். இன்ஜினியரே இல்லை. ஆனாலும் பைக்காரா, மேட்டூர் திட்டங்களை முன்னுக்குத் தள்ளினார். 1932-ல் பைக்காரா கரண்ட் வந்ததும் கோவையில் மில்கள் மளமளவென முளைத்தன.

அடுத்து திருவிதாங்கூர் திவான். 1940-ல் பள்ளிவாசல் மின்நிலையம். ஆனா, அங்கே இவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது 1946 புன்னப்ரா-வயலார் துப்பாக்கிச்சூடும் தனிநாடு பிடிவாதமும்தான். 1947 ஜூலையில் வெட்டுப்பட்டார், உயிர் தப்பினார், பதவியை விட்டார். 1966-ல் லண்டனில் காலமானார்.