பொறியைப் பிரித்துப் படித்தவர்: ஜி.டி.நாயுடு

தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் வளைவுகளுக்குக் குறைவில்லை. வளைவு வரும்போதெல்லாம் ஓட்டுநர் இடக்காலால் கிளட்ச்சை மிதித்து, இடக்கையால் கியரைக் குறைக்கிறார். தேயிலை ஏற்றிய லாரி மலையிலிருந்து இறங்கும்போதும் குறைந்த கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிச் செயலிழந்துவிடும். இன்று இப்பழக்கத்தைப் பயிற்றுநர் அருகில் அமர்ந்து சொல்லித் தருகிறார். நூறு ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அப்படிச் சொல்லித்தர ஆள் கிடைப்பது அரிது. அக்காலத்தில் தாமே முயன்று பொறியைக் கற்றவர் ஜி.டி.நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடும் அவ்வண்டி இளைஞரின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அதுபோன்ற ஒன்றை வாங்குவதற்காகவே கோயம்புத்தூருக்குச் சென்று, உணவகத்தில் பரிமாறும் வேலையில் சேர்ந்து பணம் சேர்த்தார். மோட்டார் சைக்கிளை வாங்கியதும் அதை ஓட்டி மகிழ்வதோடு அவர் நிற்கவில்லை. பாகம் பாகமாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். அவருக்கு அதுவே பள்ளிக்கூடம்.

பின்னர்ப் பருத்தித் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். அதைப் பம்பாய் வணிகத்தில் இழந்தார். 1920இல் தொழிலதிபர் இராபர்ட் ஸ்டேன்ஸ் செய்த கடனுதவியோடு ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓடவிட்டார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே.

அக்காலத்தில் வண்டி ஓட்டுவது எளிய வேலையன்று. பெட்ரோல் எஞ்சின் நின்ற நிலையிலிருந்து சக்கரத்தைத் தள்ளாது. அது சுழன்றுகொண்டிருந்தால்தான் அதற்கு வலிமை. சுழலும் எஞ்சினை அசையாத சக்கரத்தோடு சட்டென்று இணைத்தால், எஞ்சின் அணைந்துவிடும். இரண்டையும் மெல்லச் சேர்த்து வைப்பதுதான் கிளட்ச். மிதியை அழுத்தினால் பிரியும். மெதுவாக விட்டால் அதன் தட்டு முதலில் வழுக்கி, பிறகு பற்றும். கியரின் வேலை வேறு. சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும்போது வேகம் குறைந்து இழுவிசை கூடுகிறது. ஏற்றத்தில் குறைந்த கியர் வேண்டியிருப்பது இதனால்தான். கியர் உள்ள மிதிவண்டியில் மேடு ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போதைய வண்டிகளில் பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கிக் கொடுக்கும் அமைப்பு உண்டு. அது 1928இல்தான் அமெரிக்கக் கார்களில் வந்தது. அதற்கு முன் பெரும்பாலான வண்டிகளில் கியர் மாற்றக் கிளட்ச்சை இருமுறை மிதிக்க வேண்டும். முதல் மிதியில் கியரை விடுவித்து, காலை எடுத்து, எஞ்சினின் வேகத்தைச் சரிசெய்து, மறுபடியும் மிதித்து அடுத்த கியரைச் சேர்க்க வேண்டும். எஞ்சினின் ஓசையைக் காதால் கேட்டுத்தான் இதைச் செய்ய முடியும். கணக்குத் தவறினால் பற்கள் ஒன்றோடொன்று உரசிக் கரகரக்கும், உடைவதும் உண்டு. ஒரே ஒரு பேருந்தைக் கடனில் வாங்கியவருக்குப் பல் உடைந்து வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். பிரித்துப் பூட்டிப் பழகிய கை அங்கேதான் அவருக்கு உதவியிருக்கும்.

அந்த ஒரு பேருந்து, யு.எம்.எஸ். என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட காலத்தில், கோயம்புத்தூர் வட்டாரச் சாலைகளில் அவருடைய பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

நாயுடுவை இந்தியாவின் எடிசன் என்று அழைப்பர். அந்தப் பட்டம் அவரைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. அவருடைய புதிய முயற்சிகளில் பல, ஓட்டுநர் இருக்கையிலும் பட்டறையிலும் பெற்ற பட்டறிவின் தொடர்ச்சியே. எஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் கருவியை உருவாக்கினார். 1937இல் பாலசுந்தரத்துடன் இணைந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். சவரக் கத்தி, வானொலி, புதிய பயிர்கள் என அவருடைய ஆர்வம் எங்கெங்கோ சென்றது.

தொழிற்கல்வியிலும் அவருக்கென ஒரு கருத்து இருந்தது. பொறியியலை நீண்ட ஆண்டுகள் ஏட்டில் படிப்பதைவிட, குறுகிய காலத்தில் கையால் செய்து கற்பதே மேல் என்று அவர் வாதிட்டார். 1945இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக அவர் காரணமாக இருந்தார். எனினும், படிப்புக் காலத்தைக் குறைக்கும் அவருடைய திட்டத்தை அரசு ஏற்கவில்லை. நடுத்தரக் குடும்பமும் வாங்கக்கூடிய இருவர் அமரும் சிறிய கார் ஒன்றையும் 1952இல் வடிவமைத்தார். அதைத் தயாரிக்கவும் அனுமதி கிடைக்கவில்லை.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். கோயம்புத்தூர் அவினாசி சாலையில் அவர் பெயரோடு தொடர்புடைய கார் அருங்காட்சியகம் ஒன்று 2015இல் திறக்கப்பட்டது. பல நாடுகளில் உருவான பழைய கார்களை அங்கே இன்றும் காணலாம்.