சந்திரபாபு: இரண்டு கரையிலும் வெளியூரான்

நகைச்சுவை நடிகர் சந்திரபாபு கொழும்பில் வளர்ந்தவர் என்று சொன்னால் எமது பக்கத்தில் பலர் நம்ப மறுக்கிறார்கள். அவரது பாட்டைக் கேட்காதவர்கள் நானாட்டானில் குறைவு. கலியாண வீட்டு ஒலிபெருக்கியிலும் ஓட்டோக்காரரின் செட்டிலும் அந்தக் குரல் இன்றும் ஓடுகிறது. அவர் இறந்து ஐம்பது வருடம் கடந்துவிட்டது. அந்தக் குரல் பழகிய நகரம் சென்னை அல்ல, கொழும்பு என்பதுதான் அநேகருக்குத் தெரியாமல் போன செய்தி.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நானாட்டான் பிரதேசத்தில் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பி வந்த குடும்பங்கள் பல இருக்கின்றன. பெற்றோர் இங்கே பிறந்தவர்கள். பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள், அல்லது அங்கே நடக்கப் பழகியவர்கள். அந்தப் பிள்ளைகள் வாய் திறந்தால் வகுப்பில் சிரிப்பு எழுகிறது. ஒரு கரையில் பிறந்து மறுகரையில் வளர்ந்து, பிறகு பிறந்த கரைக்கே திரும்பியவனுக்கு என்ன நடக்கும் என்பதற்குச் சந்திரபாபுவின் வாழ்க்கையை விடத் தெளிவான சாட்சி தமிழ்த் திரையுலகில் எனக்குத் தெரிந்து இல்லை.

1927 ஓகஸ்ட் மாதம் தூத்துக்குடியில், கடலோரக் கத்தோலிக்கப் பரதவர் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தகப்பன் ரொட்ரிகஸ், தாய் ரோசலின். குழந்தைப் பருவத்தில் கடும் நோய் வந்து பிழைத்த பிள்ளை என்பதால் அவரை ஆண்டவர் தந்த பிச்சையாகவே பெற்றோர் நினைத்தார்கள். தூத்துக்குடியின் பனிமய மாதாவின் பெயரையும் சேர்த்து ஜோசப் பனிமயதாஸ் ஆனார். வீட்டில் அழைத்த பெயர் பாபு. தமது சமூகத்தவர் சந்திர குலம் என்று சொல்லிக்கொள்வதில் இருந்து சந்திராவை எடுத்து, அதோடு பாபுவைச் சேர்த்துப் பின்னாளில் சந்திரபாபு என்று பெயர் வைத்துக்கொண்டார். கடவுள் பெயர், போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற குடும்பப் பெயர், குலப் பெயர், செல்லப் பெயர் எல்லாம் ஒரே ஆளிடம். வங்காலையிலும் பேசாலையிலும் உள்ள எமது சனத்துக்கு இந்தப் பெயர்க் கோர்வை புதிதல்ல.

தகப்பன் ஒரு பத்திரிகைக்காரர். சுதந்திர வீரன் என்ற பத்திரிகையை நடத்தினார். வெள்ளைக்காரரின் அரசாங்கம் பத்திரிகையைத் தடை செய்து அவரைச் சிறையில் அடைத்தது. பின்னர் குடும்பத்தோடு இலங்கைக்கு நாடுகடத்தியது. பாபு அப்போது சிறுபிள்ளை. எழுதியதற்காக ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ஒருவரின் மகனாக, தன் விருப்பம் எதுவும் கேட்கப்படாமல் அவர் கடல் கடந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் அதற்கு 20 வருடங்களுக்கு முன்னர்தான் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் விட்டு, அதற்காகவே சிறைக்குப் போயிருந்தார். சரக்கும் கூலியாட்களும் வியாபாரிகளும் போய்வந்த கடல் அது. தண்டிக்கப்பட்டவர்களும் அதே கடலால்தான் அனுப்பப்பட்டார்கள்.

கொழும்பில் கத்தோலிக்கப் பாடசாலையில் படித்தார். 1930களின் கொழும்பு பல நாக்குகளின் பட்டினம். சிங்களம், தமிழ், ஆங்கிலம், மலாய், பறங்கியரின் பேச்சு எல்லாம் ஒரே தெருவில் கேட்கும். தமிழிலேயே யாழ்ப்பாணத்தார் ஒரு விதம், மலைநாட்டார் ஒரு விதம், முஸ்லிம்கள் ஒரு விதம், தூத்துக்குடி வியாபாரிகள் இன்னொரு விதம். கூர்மையான காதுள்ள ஒரு சிறுவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. மேலைநாட்டு இசையும் நடனமும் ஆங்கிலப் பேச்சும் அவருக்கு அங்கேயே படிந்தன. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டபோது அவருக்கு வயது 14. அடுத்த வருடம், 1943இல், குடும்பம் சென்னைக்குப் போனது. திருவல்லிக்கேணியில் குடியேறினார்கள். தகப்பன் தினமணியில் வேலைக்குச் சேர்ந்தார்.

சொந்த நாடு என்று போன இடம் அவரை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. அன்றைய தமிழ்ப் படத்துக்குக் கர்நாடக இசைப் பயிற்சி வேண்டும், நாடகக் கம்பனி அனுபவம் வேண்டும். இரண்டும் இல்லாத, கோட்டும் சூட்டும் போட்டு ஆங்கிலம் கலந்து கதைக்கிற கொழும்புப் பெடியனை எந்தப் பெட்டிக்குள் வைப்பது என்று படமுதலாளிகளுக்குத் தெரியவில்லை. 1947இல் தன அமராவதி படத்தில் சிறிய வேடம் கிடைத்தது. அதன் பிறகும் ஸ்டூடியோ வாசல்களில் காத்திருப்புத்தான். 1952இல் ஜெமினி ஸ்டூடியோவில் எஸ்.எஸ்.வாசனைச் சந்திக்கவே முடியாமல் போன வெறுப்பில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார். வழக்கும் போடப்பட்டது. அதன் பிறகுதான் அதே வாசன் தமது மூன்று பிள்ளைகள் படத்தில் அவருக்கு வேடம் கொடுத்தார். சாகத் துணிந்த பிறகே ஒருவனின் முகம் கண்ணில் படுகிறது என்பதை நாம் எங்கள் முகாம்களிலும் கண்டிருக்கிறோம்.

அதே 1952இல் உலகத்தின் மறுபக்கத்தில் சார்ளி சாப்ளின், இலண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருக்கையில், அமெரிக்காவுக்குத் திரும்பி வரும் அனுமதி இரத்தாகிவிட்டது என்ற செய்தியைப் பெற்றார். 1917இல் குடியேற்றவாசி என்ற படத்தை எடுத்து, கப்பலில் வந்திறங்கும் ஏழைகளைக் கயிறு கட்டி நிறுத்தும் அதிகாரிகளைக் கிண்டல் செய்தவர் அவர். 35 வருடம் கழித்து அவரே வாசலில் நிறுத்தப்பட்டார். வெளியில் இருந்து வந்தவனுக்கு ஒரு ஊரின் வழக்கங்கள் எல்லாமே விசித்திரமாகத் தெரியும். அதனாலேயே அவன் சிரிக்க வைக்கிறான். அந்த ஊர் அவனை ஒருநாளும் முழுதாக நம்பாமல் இருப்பதும் அதே காரணத்தால்தான்.

1950களின் நடுப்பகுதியில் இருந்து சந்திரபாபு இல்லாத படம் அரிது என்னும் நிலை வந்தது. எந்தத் தகுதிக் குறைவைச் சொல்லி ஒதுக்கினார்களோ அதுவே அவருடைய முத்திரையாக மாறியது. அல்ப்ஸ் மலை இடையர்கள் குரலை உடைத்து ஏற்றி இறக்கும் பாணியைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். உடம்பை ரப்பர் போல வளைத்து மேலைநாட்டு நடனம் ஆடினார். தாமே பாடித் தாமே நடித்தார். சோகத்தையும் தத்துவத்தையும் நகைச்சுவை நடிகன் வாயால் பாடக் கேட்டு, சிரிக்க வந்த சனம் அமைதியானது.

அவருடைய படங்களில் எமக்கு முக்கியமானது 1958இல் பி.ஆர்.பந்துலு இயக்கிய சபாஷ் மீனா. செல்லமாக வளர்ந்த பணக்காரப் பிள்ளையான சிவாஜி கணேசனைத் திருத்துவதற்காகத் தகப்பன் சென்னையில் உள்ள நண்பர் வீட்டுக்கு அனுப்புகிறார். பிள்ளை தன் பெயரைச் சந்திரபாபுவுக்குக் கொடுத்து, தனக்குப் பதிலாக அவரை அந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. இரண்டு இளைஞர்கள் பொறுப்புள்ள மனிதர்களாக மாறுவதற்கு முன்னர், ஒருவன் மற்றவனின் பெயரில் வாழ்ந்து பார்க்கிற கதை. பெயர் மாறியதும் மரியாதை மாறுகிறது, சாப்பாடு மாறுகிறது, காதலும் கூடக் கிடைக்கிறது. ஆள் மட்டும் அதே ஆள்தான். இதற்குள் சந்திரபாபுவுக்கு இன்னொரு வேடமும் உண்டு: அதே முகச் சாயலுள்ள ரிக்‌ஷாக்காரன். அவன் வாயில் வருவது சுத்தமான மெட்ராஸ் பாஷை.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஒருவர், சென்னைச் சேரியின் பேச்சை, சென்னைக்காரர்களே கைதட்டும்படி பேசினார். மெட்ராஸ் பாஷையைத் திரையில் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் என்று அவர் இன்றும் சொல்லப்படுகிறார். வெளியில் இருந்து வந்தவன் உயிர் தப்புவதற்காகவே உள்ளூர்க்காரனின் நாக்கைக் கவனிக்கிறான். அந்தக் கவனிப்பு அவருக்குக் கலையாகியது. படத்தில் நாம் சிரிப்பது ரிக்‌ஷாக்காரனின் பேச்சைப் பார்த்து அல்ல. முகம் ஒன்றாக இருந்தும் பேச்சையும் பெயரையும் வைத்து ஆளை எடைபோட்டுத் தடுமாறும் பெரிய மனிதர்களைப் பார்த்தே சிரிக்கிறோம். சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதில்தான் கிண்டலுக்கும் கேலிக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

இலங்கையிலும் அந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வானொலி நாடகமாகத் தொடங்கி 1976இல் படமாக வந்த கோமாளிகள் இதற்கு உதாரணம். ராமதாஸ் முஸ்லிம் பாத்திரத்தில் வந்து மரிக்கார் ராமதாஸ் ஆனார். செல்வசேகரன் சிங்களம் கலந்த தமிழ் பேசி உபாலி செல்வசேகரன் ஆனார். ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி ஆனார். ஒவ்வொருவரும் மற்றவரின் பேச்சைப் பகிடியாக்கிய அந்தக் கூட்டம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தது. அடுத்த ஏழு வருடத்தில், 1983 ஜூலையில், கொழும்புத் தெருவில் ஒருவன் தமிழனா என்று கண்டுபிடிக்கச் சில சொற்களைச் சொல்லச் சொன்னார்கள். உச்சரிப்புப் பிழைத்தவர்கள் உயிரை இழந்தார்கள். பேச்சு வேறுபாடு பகிடியாக இருந்த காலத்துக்கும் தீர்ப்பாக மாறிய காலத்துக்கும் இடையில் ஏழே வருடம்.

நானும் மண்டபம் முகாமில் சில வருடம் இருந்து திரும்பியவன். ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைத் தடுத்து வைத்த இடத்தில்தான் பிறகு எங்களைத் தங்க வைத்தார்கள். அங்கே நான் சிலோன்காரன். சமாதான காலத்தில் இங்கே வந்து பாடசாலையில் சேர்ந்தபோது இந்தியாக்காரன். ஒரு ஆசிரியர் என்னை எழுப்பிக் கதைக்கச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைப்பார். மூன்று மாதத்தில் ஊர்த் தமிழைப் பிடித்துவிட்டேன். அந்த மூன்று மாதத்தில் வகுப்பில் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

சந்திரபாபுவுக்குத் திரை இடம் கொடுத்தது. திரைக்கு வெளியே அவர் கடைசிவரை பொருந்தவில்லை. மூத்த நடிகர்களை அண்ணன் என்று அழைக்கும் உலகத்தில், பெரிய நட்சத்திரங்களையும் மிஸ்டர் சேர்த்து அழைத்தவர் என்று திரையுலகில் இன்றும் சொல்வார்கள். கொழும்பில் அது சாதாரண மரியாதை. சென்னையில் அது திமிர். திருமணம் நிலைக்கவில்லை. எம்.ஜி.ஆரை வைத்து மாடி வீட்டு ஏழை என்ற படத்தைத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. போட்ட பணம் போயிற்று, வீடும் கைவிட்டுப் போயிற்று. 1966இல் தாமே எழுதி இயக்கிய படத்துக்குத் தட்டுங்கள் திறக்கப்படும் என்று விவிலியத்தில் இருந்து பெயர் வைத்தார். அதுவும் அவரைக் கைதூக்கிவிடவில்லை. குடியும் நோயும் சேர்ந்தன. 1974 மார்ச் 8ஆம் திகதி, 46ஆவது வயதில், சென்னையில் இறந்தார்.

அவரது வீழ்ச்சிக்குக் குடியும் கடனும் பிடிவாதமும் காரணம் என்பது உண்மை. ஆனால் அடைபட்டு நின்ற காலத்தில் தாங்கிப் பிடிக்க ஒரு ஊர் அவருக்கு இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் அவர் வளரவில்லை. கொழும்பில் அவர் தங்கவில்லை. சென்னையில் அவர் பிறக்கவில்லை.

இன்று முகாம்களில் இருந்து வரும் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு, குடியுரிமைப் பதிவு, பாடசாலை அனுமதி என்று கடதாசி வேலைகள் வரிசையில் நிற்கின்றன. இவற்றைச் செய்து கொடுக்க அலுவலகங்கள் இருக்கின்றன, தாமதமானாலும் கேட்கலாம். வகுப்பில் எழும் சிரிப்பை நிறுத்த எந்த அலுவலகத்துக்கும் போக முடியாது. அது எங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளிடம் எங்கள் பேச்சை நாங்கள் பரீட்சையாக வைக்கிறோம். அவர்களிடம் இரண்டு கரையின் தமிழ் இருக்கிறது. எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.

தமிழ்த் தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். திரும்பி வந்த பிள்ளை ஒன்றுக்கு இம்முறை நல்ல வேடம் கொடுங்கள். பின்வரிசையில் நிற்கும் காவலாளி வேடம் வேண்டாம், வசனமுள்ள வேடம். அதை அந்தப் பிள்ளைக்கு வரும் தமிழிலேயே பேச விடுங்கள். மற்றவர்கள் பேச்சை அது எப்படிப் பார்த்து வைத்திருக்கிறது என்பதையும் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்களை நாங்களே பார்த்துச் சிரிக்க வேண்டி வரும். அதில் யாருக்கும் நட்டமில்லை.