சார்லஸ் சிமியோன் ஐயரும் அவர் பொறுமையும்

பகைவர் செய்யும் தீங்கைப் பொறுத்தல் அரிது; தம்மவர் செய்யும் தீங்கைப் பொறுத்தல் அதனினும் அரிது. சங்கக் காரியங்களில் உழைத்த நம் அன்பர் பலரும் இதனை அநுபவத்தில் அறிவர். ஆங்கில நாட்டில் தம் சொந்தச் சபையாராலேயே நெடுநாள் வெறுக்கப்பட்டும், அவ்விடம் விட்டு அகலாதிருந்த சார்லஸ் சிமியோன் என்னும் குருவானவருடைய சரித்திரத்தை இம்மாதம் எடுத்துக்கொள்வோம்.

இவர் 1759-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி ரெடிங் நகரில் ஒரு வழக்கறிஞரின் புதல்வராய்ப் பிறந்தார். ஈட்டன் பள்ளியிற் பயின்று, 1779-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கலாசாலையிற் சேர்ந்தார். உடையழகிலும் குதிரையேற்றத்திலும் மிக்க பற்றுடைய வாலிபர். கலாசாலை விதிப்படி இராப்போஜனத்தில் பங்குபெற வேண்டிவந்தபோது, தம் தகுதியின்மையை நினைந்து நடுங்கி, சில வாரங்கள் உபவாசமும் ஜெபமுமாய் வருந்தி, அவ்வாண்டு ஈஸ்டர் திருநாளில் மனச்சாந்தி அடைந்தார். 1782-இல் குருத்துவத்தின் முதற்பட்டம் பெற்றார்.

அவ்வாண்டு நவம்பரில் அந்நகரத்துப் பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் பொறுப்பு அவருக்குக் கிட்டியது. கிட்டிய வகையையும் மறையாது சொல்லவேண்டும். அது தகப்பனார் அத்தியட்சரிடம் கேட்டு வாங்கிக்கொடுத்த பதவி. சபையாரோ, அங்கே துணைக்குருவாயிருந்த ஹாமண்டு என்பவரை விரும்பியிருந்தனர். இருபத்துமூன்று வயது வாலிபர் ஒருவர் மேலிடத்துத் தயவால் வந்து அமர்ந்தால் எவர்க்குத்தான் மனம் கசக்காது? ஆதலின் குற்றம் முழுவதையும் அச்சபையார் தலைமேற் சுமத்த நாம் உடன்படோம். சிமியோனும் விலகிக்கொள்ளச் சித்தமாயிருந்தார். ஆனால் அவர் விலகினும் ஹாமண்டுக்கு அவ்விடம் இல்லையென்று அத்தியட்சர் தெரிவித்துவிடவே, தங்கிவிட்டார்.

அக்காலத்து ஆங்கில ஆலயங்களிலே குடும்பந்தோறும் பலகையால் அடைத்துக் கதவு வைத்த தனி இருக்கைகள் உண்டு. சபையார் அவற்றைப் பூட்டித் தாமும் வராமல் நின்றுவிட்டனர். வந்த ஏழை எளியவர்கள் நடைபாதைகளில் நின்றே பிரசங்கம் கேட்டார்கள். சிமியோன் தம் கைப்பொருளால் பலகைகள் செய்வித்துப் போட்டார். ஆலயக் காரியஸ்தர் அவற்றை எடுத்து வெளி முற்றத்தில் எறிந்தனர். ஞாயிறு மாலையில் ஓர் ஆராதனை தொடங்கினார், கதவையே பூட்டிவிட்டார்கள். ஒருமுறை கொல்லனை அழைத்துத் திறப்பித்தார். பின்பு சமாதானத்தை நாடி அதனை நிறுத்திக்கொண்டார். பிற்பகற் பிரசங்கத்துக்கு ஆள் தெரியும் உரிமை சபையாருடையது. அதனை ஹாமண்டுக்கு ஐந்து ஆண்டும், மற்றொருவருக்கு ஏழு ஆண்டும் கொடுத்து, 1794-இல்தான் சிமியோனுக்கு அளித்தனர்.

இருக்கைகளைப் பூட்டுதல் சட்டத்துக்கு மாறானது என்பது அவர் எண்ணம். வழக்காடியிருந்தால் கதவுகள் திறந்திருக்கலாம், மனங்கள் திறந்திரா. கர்த்தருடைய ஊழியக்காரன் சண்டைசெய்யலாகாது என்னும் அப்போஸ்தலருடைய போதனையைப் பற்றிக்கொண்டு, வந்தவர் பாதிப்பேராயினும் அவர்கள் இரட்டிப்பான ஆசீர்வாதம் பெற்றால் குறைவில்லையென்று தம்மைத் தேற்றிக்கொண்டார்.

கலாசாலையிலும் ஏளனமே. தம் கலாசாலைத் தோழர் ஒருவர் புல்வெளியில் கால்மணி நேரம் தம்மோடு உலாவத் துணிந்ததே அவருக்கு ஆச்சரியமாயிருந்ததாம். மனம் நொந்திருந்த ஒருநாள், ஆறுதலை வேண்டி, கிரேக்க ஏற்பாட்டைத் திறந்தார். சிரேனே ஊரானாகிய சீமோன்மேல் சிலுவையைச் சுமத்திய செய்தி கண்ணிற்பட்டது. அப்பெயர் தம் பெயரே போன்றதாகையால், கிறிஸ்துவின் சிலுவையைத் தாமும் சுமக்கும் பேறு கிடைத்ததென்று மகிழ்ந்து திரும்பினார்.

ஆயினும் பொறுமையென்பது எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தலன்று. மாணாக்கர் ஆலயத்தின்மேற் கல்லெறிந்தபோது, அகப்பட்ட ஒருவனைச் சபைமுன் நின்று மன்னிப்புச் சீட்டு வாசிக்கச் செய்தார். அவன் வாய்க்குள் முணுமுணுக்க, தாமே அதனை வாங்கி உரக்க வாசித்தார்.

அவர் பிறவிச் சாந்தர் என்று எண்ணவேண்டா. முன்கோபி. ஒரு நண்பர் வீட்டில், வேலைக்காரன் கணப்புத் தீயைக் கிளறிய விதம் பிடிக்கவில்லையென்று அவன் முதுகில் அடித்துவிட்டார். நண்பர் ஒருவர், நன்றாய்ப் போதிப்பவர் இப்படிச் சினக்கலாமாவென்று ஒரு வேலைக்காரன் எழுதியதுபோல் ஒரு கடிதம் எழுதி அவர் பைக்குள் வைத்துவிட்டார். சிமியோன் சினக்கவில்லை. தம்மை அகந்தைக்காரனென்றும் எளிதிற் சினப்பவனென்றும் கையெழுத்திட்டு மன்னிப்பு வேண்டினார். ஊரார் பூட்டிய கதவைக் காட்டிலும் இந்தக் குணத்தோடு அவர் போராடிய போராட்டமே பெரிதென்பது நம் அபிப்பிராயம்.

காலம் செல்லச் செல்ல அவ்வாலயம் மாணாக்கரால் நிரம்பிற்று. 1799-இல் சர்ச் மிஷன் சங்கம் தோன்றுதற்கு உழைத்தவருள் அவர் ஒருவர். அவருக்குத் துணைக்குருவாயிருந்த ஹென்றி மார்ட்டின், நம் நாட்டிற்கு வந்து ஹிந்துஸ்தானியிலும் பாரசீகத்திலும் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1812-இல் துருக்கி நாட்டில் இறந்தார். அவருடைய படத்தைச் சிமியோன் தம் அறையிற் கணப்பின்மேல் மாட்டி, நாடோறும் நோக்கிவந்தார்.

வேறிடம் நாடாது அவ்வொரே ஆலயத்தில் ஐம்பத்துநான்கு ஆண்டு ஊழியஞ்செய்து, 1836-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி காலமானார். அடக்கம் நிகழ்ந்த சனிக்கிழமை சந்தை நாள். ஆயினும் நகரின் முக்கிய வீதிகளில் கடைகள் அடைக்கப்பட்டன. கலாசாலைகளிற் பாடங்கள் நிறுத்தப்பட்டன. கிங்ஸ் கலாசாலைக் கோயிலில் அவரை அடக்கஞ்செய்தார்கள்.