தம்பிக்காக வேலையைத் துறந்தவர்: தந்தை செல்வாவின் குடும்ப வாழ்வு

தந்தை செல்வா என்றதும் தமிழரசுக் கட்சியும் கிழித்தெறியப்பட்ட ஒப்பந்தங்களும் சத்தியாக்கிரகமும்தான் எமது நினைவுக்கு வருகின்றன. மகனாக, அண்ணனாக, கணவனாக, ஐந்து பிள்ளைகளின் தகப்பனாக அவர் வாழ்ந்த வாழ்வு அதிகம் பேசப்படுவதில்லை. அவர் எப்படிப்பட்ட தலைவராக இருந்தார் என்பதை விளங்கிக்கொள்ள அந்த வாழ்வையும் அறிய வேண்டும்.

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 மார்ச் 31 இல் மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். பிழைப்புத் தேடிக் கடல் கடந்த யாழ்ப்பாணக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. தகப்பனார் அங்கு வியாபாரம் செய்தார். பிள்ளைகளின் படிப்புக்காகத் தாயார் அவர்களைத் தெல்லிப்பழைக்கு அழைத்து வந்தபோது செல்வநாயகத்துக்கு நான்கு வயது. தகப்பன் வெளிநாட்டில், தாயும் பிள்ளைகளும் ஊரில். இன்று எமது வீடுகளில் பலவற்றின் கதையும் இதுதான். மூத்தவராகிய அவருக்குத் தம்பி, தங்கை மீதான பொறுப்பு சிறு வயதிலேயே வந்து சேர்ந்தது.

தெல்லிப்பழையிலும், யாழ்ப்பாணம் பரி யோவான் கல்லூரியிலும், கொழும்பு சென் தோமஸ் கல்லூரியிலும் படித்த அவர், 1918 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அதன்பின் சென் தோமஸ் கல்லூரியிலேயே ஆசிரியரானார். அந்த நாளில் ஒரு தமிழ் இளைஞனுக்கு அது பெரிய உத்தியோகம்.

அக்காலத்தில்தான் தம்பி எட்னேசராசன் கடும் நோயில் விழுந்தார். தம்பியைப் பார்க்கப் போவதற்கு அண்ணன் விடுமுறை கேட்டார். கல்லூரி அதிபர் மறுத்துவிட்டார். செல்வநாயகம் வேலையை விட்டு விலகினார்.

இருபது வயதைச் சற்றே கடந்திருந்த அந்த இளைஞனின் கையில் பெருஞ்செல்வம் எதுவும் இருக்கவில்லை. இருந்தும், நோயில் கிடக்கும் உடன்பிறப்பின் பக்கத்தில் நிற்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை என்பதில் அவர் உறுதியாக நின்றார். பிற்காலத்தில் அரசாங்கங்களுக்கு முன்னால் அவர் காட்டிய பணிவான பிடிவாதம் முதலில் வெளிப்பட்ட இடம் இதுவே.

பின்னர் வெஸ்லி கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே சட்டம் படித்து, 1923 இல் நியாயவாதியானார். 1927 இல் தெல்லிப்பழை மணியகாரர் பார் குமாரகுலசிங்கத்தின் மகள் எமிலி கிரேசை மணந்தார். நான்கு ஆண் பிள்ளைகளும் ஒரு பெண் பிள்ளையும் பிறந்தனர். சிவில் வழக்குகளில் கொழும்பின் முன்னணிச் சட்டத்தரணிகளில் ஒருவராக உயர்ந்தார். 1947 இல் நாடாளுமன்றம் சென்றபோது அவருக்கு வயது 49. அதுவரை தொழிலும் குடும்பமுமே அவரது உலகம்.

குடும்பத்திடம் காட்டிய விசுவாசத்தை அவர் நம்பிக்கைகளிலும் காட்டினார். அவர் கிறிஸ்தவர். அவரது வாக்காளர்களில் பெரும்பாலானோர் சைவர்கள். 1952 தேர்தலில் காங்கேசன்துறையில் தோற்றார். வாக்குக்காக மதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சைவப் பண்பாட்டை மதித்தபடியே தனது ஆலயத்துக்குப் போய்வந்தார். 1956 இல் அதே மக்கள் அவரை மீண்டும் தெரிவு செய்தனர்.

பொது வாழ்வின் சுமையை வீடும் சேர்ந்தே சுமந்தது. 1958 கலவரத்தின் பின் அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி முன்றலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் வவுனியாவுக்கும் பரவியது. முல்லைத்தீவு அப்போது வவுனியா மாவட்டத்தினுள்ளும் கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தினுள்ளும் இருந்தன. ஏப்ரலில் தலைவர்கள் கைதாகிப் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டனர். நடுக்குவாத நோய் ஏற்கெனவே அவரைப் பற்றியிருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லக் குரல் மெலிந்தது, செவிப்புலன் மங்கியது. அருகிலிருப்போர் அவரது சொற்களைக் கேட்டு மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் 1975 இடைத்தேர்தலில் 16,000 க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

1977 ஏப்ரல் 26 இல் அவர் காலமானார். பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1990 இல், அவர் வளர்ந்த தெல்லிப்பழை மண்ணிலிருந்தே மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களில் பலர் பின்னர் வன்னிக்கும் வந்து சேர்ந்தனர். அவரது மகன் சந்திரகாசன் 1984 இல் தமிழ்நாட்டில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நிறுவி, அகதி முகாம்களில் இருந்த எம்மவர்களுக்காக உழைத்தார். மருமகன் பேராசிரியர் ஏ. ஜே. வில்சன் மாமனாரின் அரசியல் வாழ்வை நூலாகப் பதிவு செய்தார்.

போரின் இறுதி மாதங்களில் வன்னியில் எத்தனையோ பேர் காயப்பட்ட தம்பியை, தாயை, பிள்ளையை விட்டு நகர வேண்டி வந்தது. பக்கத்தில் இருந்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியாமற்போன வேதனை இன்றும் ஆறவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பதும் அந்த உறவின் உரிமைக்காகத்தான்.

நூறு ஆண்டுகளுக்கு முன் அதே உரிமைக்காக ஓர் இளைஞன் தனது முதல் உத்தியோகத்தைத் துறந்தான். தந்தை செல்வாவை நினைவுகூரும் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாலைகளோடும் மேடைப் பேச்சுகளோடும் இதையும் எமது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.