துணியில் சுற்றியிருந்த சீறா

இந்த மலருக்குப் பழைய படங்கள் திரட்டுவதற்காக நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். படங்கள் மூன்றோ நான்கோதான் கிடைத்தன. ஆனால் தகரப் பெட்டியின் அடியில், வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு தடித்த நூல் இருந்தது. அட்டை இல்லை. புரட்டிப் பார்த்த பிறகுதான் அது சீறாப்புராணம் என்று தெரிந்தது. ரபீஉல் அவ்வல் மாத இரவுகளில் அந்த வீட்டுப் பாட்டியார் ராகம் போட்டு வாசிப்பாராம். பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடியிருந்து கேட்பார்களாம். கதை பாதியில் நிற்பதால் கடைசித் தாள்கள் தொலைந்துவிட்டன என்று வீட்டார் வருத்தப்பட்டார்கள். பாடியவர் யார் என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் பெயருக்கு மேல் தெரியாது என்பதே உண்மை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

உமறுப்புலவர் 1642-இல் பிறந்தவர் என்பர். தந்தையார் வாசனைப் பொருள் வணிகர். எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றார். வாலைவாருதி என்ற புலவரைப் பதினாறு வயதில் வாதில் வென்றதாகச் சொல்வார்கள். ஆசிரியருக்குப் பின் அவரே அரண்மனைப் புலவரானார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழில் காப்பியமாகப் பாடும்படி கேட்டவர் கீழக்கரை வணிகர் வள்ளல் சீதக்காதி. வரலாற்றுக் குறிப்புகளை வேண்டி சதக்கத்துல்லாஹ் அப்பாவிடம் போன புலவர், அரசவை உடையோடு நின்றதால் முதலில் மறுக்கப்பட்டார் என்றும், பின்னர் கனவில் கிடைத்த உத்தரவால் அனுமதி பெற்றார் என்றும் செவிவழிச் செய்தி. நூல் முடியும் முன்பே சீதக்காதி மறைந்தார். அதன்பின் கைகொடுத்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். அவரும் வணிகரே. கடை வைத்துப் பிழைக்கும் எங்களுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்கள், 5,027 விருத்தங்கள். அரபு நாட்டைப் பாடும்போதும் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. தாம் கண்ட மண்ணைத்தான் புலவர் பாடியிருக்கிறார். ஆனால் நாயகத்தின் வாழ்வு முழுவதும் அதில் இல்லை. மதீனா வாழ்க்கையின் இடையிலேயே காப்பியம் நின்றுவிடுகிறது. எஞ்சியதைப் பின்னாளில் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார்.

1703-இல் புலவர் மறைந்தார். எட்டயபுரத்திலேயே அடங்கியிருக்கிறார். அதற்குப் பின் ஏறத்தாழ 140 ஆண்டுகள் சீறா ஓலை ஏட்டில்தான் இருந்தது. கறையான் அரிக்கும், ஓலை ஒடியும். யாராவது உட்கார்ந்து மறுபடி எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதி வைத்தவர்களின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. காயல்பட்டினம் சேகனாப் புலவர், தாமே நான்கு காப்பியங்கள் பாடியவர், ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு 1842-இல் முதன்முதலாக அச்சிட்டார். அதன் பிறகுதான் அது புத்தகமாகக் கப்பலேறி, இங்கே ஒரு தகரப் பெட்டி வரை வந்து சேர முடிந்தது.

இதையெல்லாம் அறிந்தபின் புதிய பதிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு மீண்டும் அந்த வீட்டுக்குப் போனோம். கடைசிப் பக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு தாளும் தொலையவில்லை. இறுதிச் செய்யுள் வரை அப்படியே இருக்கிறது. பாட்டியாரின் மகள் நூலை வாங்கி, அதே துணியில் சுற்றி, இம்முறை பெட்டியில் வைக்காமல் கூடத்து அலமாரியில் வைத்தார்.